சலூனுக்கு மொட்டை

எங்கள் காரின் கூரையை அறுத்தது நான்தான். எங்கள் ஊர் நிலாவெளியில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். யப்பான்காரன் போட்ட குண்டில் கூரை பறந்தது என்பார்கள் சிலர். என் கணவருக்கு மூளை கலங்கி அவர்தான் அறுத்தார் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பச்சைப் பொய். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இரும்பு அறுக்கும் வாளோடு, பட்டப்பகலில் நான் அறுத்தேன். ஏன் அறுத்தேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பிழையாகச் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

என் பெயர் சீதேவி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணுக்குள் வைத்ததால் ஊர் எனக்கு வைத்த பெயர் அதற்கு நேர்மாறு. அந்தப் பெயரை என் காதுபடவே சொல்வார்கள். கோயில் வாசலில் நான் நின்றால் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கையைப் பிடித்து மறுபக்கமாகக் கூட்டிப் போவார்கள். நான் என்ன செய்தேன் அவர்களுக்கு? இரண்டு தடவையும் என்னைத் திருகோணமலை ஆசுபத்திரிக்கு மாட்டுவண்டியில்தான் கொண்டு போனார்கள். மணல் தெரு, கூடாரம் போட்ட வண்டி. உள்ளே நான் முடங்கிக் கிடந்தால் வேறு ஒருவர் குனியவும் இடமில்லை. கூட வந்த மருத்துவிச்சி வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே, “பொறு பிள்ளை, கொஞ்சம் பொறு” என்று கத்தினாள். பிள்ளை பொறுக்குமா? முதலாவதும் வண்டிக்குள் பிறந்து வண்டிக்குள் அடங்கியது. இரண்டாவதும் அப்படியே. இரண்டுக்கும் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததாம். கை நுழைய இடமிருந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்று பிறகு டொக்டர் சொன்னார்.

இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த அன்று என் கணவரிடம் சொன்னேன். “இனி எனக்கொரு பிள்ளை எண்டா வாசலில கார் நிக்க வேணும். கார் இல்லாட்டிப் பிள்ளையும் இல்லை.”

என் கணவர் கதிரவேல் துறைமுகத்து டொக்யார்ட் ஸ்டோரில் கிளாக்கர். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஒரேயொரு குறை, மினுக்கம் என்றால் உயிரை விடுவார். சப்பாத்தில் முகம் பார்த்துத் தலை சீவுகிறவர். நான் கார் என்று சொன்னதும், துக்கம் ஒரு பக்கம் இருக்க, அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். என் சீதனத் தென்னங்காணியை விற்றோம். கொழும்பிலிருந்து படப்புத்தகம் வரவழைத்தார். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார்.

“இது இரண்டு பேர் இருக்கிற ஹூட் கார். மழை வந்தா சீலையை இழுத்து மூட வேணும். இது நாலு பேருக்கு. இது சலூன், இரண்டு கதவு. இது நாலு கதவுச் சலூன். எல்லாத்திலயும் சாதாரணமும் இருக்கு, டீலக்ஸும் இருக்கு.”

“டீலக்ஸ் எண்டா?”

“தோல் சீற். மணிக்கூடு. முன்னுக்கும் பின்னுக்கும் மினுங்கிற பம்பர். சாம்பல் தட்டு.”

“நீங்கள் சுருட்டுக் குடிக்கிறதில்லையே.”

“வாறவை குடிப்பினம்.”

எட்டுக் குதிரை எஞ்சினும் இருந்தது, பத்துக் குதிரை எஞ்சினும் இருந்தது. பத்து என்றால் மணலில் நன்றாக இழுக்கும் என்றார். பத்துக் குதிரை என்றால் பத்துக் குதிரைக்கும் தீனி போட வேண்டும், எட்டுப் போதும் என்றேன். கூரையில் இழுத்துத் திறக்கிற சன்னல் வைத்த ஒன்றைக் காட்டி ஆசைப்பட்டார். “கூரையில ஓட்டையும் போட்டு அதுக்குக் கூடக் காசும் கேக்கிறாங்களோ? வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அவர் அதைக் காட்டாமல் புரட்டப் பார்த்தார். நான் விரலை வைத்து அமத்தினேன்.

“இது என்ன?”

“அது வான். அதே கார்தான், பின்னுக்குப் பெட்டி. ரொட்டி விக்கிற பாண்காரர் வாங்குவினம்.”

“இதில ஆள் நீட்டி நிமிந்து படுக்கலாம்.”

“என்ன கதை கதைக்கிறாய் சீதேவி? ஆராவது வானை வாங்கி வீட்டு வாசலில விடுவினமோ? சனம் என்னைப் பாண்காரன் எண்டெல்லோ கூப்பிடும்.”

அதில் நான் விட்டுக்கொடுத்தேன். எஞ்சின் என் விருப்பம், உடம்பு அவர் விருப்பம் என்று முடிவாயிற்று. இரண்டு கதவு, எட்டுக் குதிரை, டீலக்ஸ் சலூன், கறுப்பு நிறம். உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்பு ரயிலில் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் கோயிலுக்குப் போகிறாரோ இல்லையோ பம்பரை மினுக்காமல் சாப்பிடமாட்டார். நான் அந்தக் காரைப் பார்க்கிறபோதெல்லாம் பின் சீற்றைத்தான் பார்ப்பேன். கால் நீட்ட முடியாது. இருந்தாலும் மாட்டுவண்டியை விட விரைவாகப் போகும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன்.

கார் வந்து நெடுநாளாகியும் பிள்ளை வரவில்லை. பிறகு வந்தது. மூன்று மாதம் ஆனதும் நான் கட்டளை போட்டேன்: இனிக் கார் வாசலை விட்டு அசையக்கூடாது. பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது, அதையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வாங்கியதைத் தகரத்தில் ஊற்றி மாட்டுக்கொட்டிலில் சாக்குக்குக் கீழே மறைத்தேன். அவர் சைக்கிளில் வேலைக்குப் போனார். “கார் வைச்சிருக்கிற கிளாக்கர் சைக்கிளில போறார்” என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. சிரித்தவர்களா எனக்குப் பிள்ளை பெற்றுத் தரப்போகிறார்கள்?

அப்போதுதான் சிங்கப்பூர் யப்பான்காரன் கையில் விழுந்தது. துறைமுகம் முழுக்கக் கப்பல், தெரு முழுக்க லொறி. ஒருநாள் காலை எங்கள் ஊர் அதிகாரி விதானையார் தம்பையா சந்தைக்கு முன்னால் நின்று அரசாங்கத்து அறிவித்தல் ஒன்றை வாசித்தார். அவருக்கு இங்கிலீசு அரைகுறை. எழுத்துக்கூட்டி, இடையிடையே மூச்சு வாங்கி, “பட்டாளத்துத் தேவைக்காகச் சலூன்...” என்று நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “கார்... எல்லாம் ஒப்படைக்க வேணும்” என்று முடித்தார்.

எங்கள் ஊரில் சலூன் என்றால் ஒன்றே ஒன்றுதான். வீரக்குட்டி அண்ணன் தலைமயிர் வெட்டுகிற கடை. சந்தைக்கு எதிரிலேயே இருந்தது. அவர் பாதிச் சவரத்தில் கத்தியைப் பிடித்தபடி வாசலில் நின்று இதைக் கேட்டார். பட்டாளத்துக்காரருக்கு இத்தனை ஆயிரம் தலை இருக்கிறது, வெட்டக் கடை வேண்டும்தானே என்று ஊரே நம்பிவிட்டது. வீரக்குட்டி அண்ணன் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. கடையைப் பூட்டி, சுழல்கதிரையையும் கண்ணாடியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குச்சவெளியில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். பாதி முகம் மழித்த ஆள் மிச்ச முகத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அன்று பின்னேரம் விதானையார் அந்தத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் மனதுக்குள் ஐயம்தான். என் கணவரிடம் கொடுத்து, “தம்பி, இதில சலூன் எண்டு போட்டிருக்கே, அது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றார். நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“சலூன் கார் எண்டு சேத்து வாசிக்க வேணும் அண்ணை. நிரந்தரமாத் தகரக் கூரை போட்ட கார். ஹூட் கார் அவைக்கு வேண்டாமாம், மழைக்குச் சரிவராதாம்.”

“அப்ப வீரக்குட்டியின்ர கடை?”

“அது வேண்டாம்.”

“ஐயோ, அவன் கதிரையையும் ஏத்திக்கொண்டு போயிட்டானே!” என்று விதானையார் தலையில் கை வைத்தார். பிறகு குரல் இறங்கியது. “அப்ப இந்த ஊரில சலூன் எண்டு இருக்கிறது உங்கட கார் ஒண்டுதான் தம்பி. வெள்ளிக்கிழமை பட்டாளத்துத் துரை வாறார். நான்தான் கூட்டிக்கொண்டு வர வேணும். குறை நினைக்காதேங்கோ.”

நான் கத்தியைப் பலகையில் வைத்தேன். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது. குசினி வாசலுக்கு வந்து கேட்டேன், “கூரை இல்லாட்டி?”

“கூரை இல்லாட்டி அது சலூன் இல்லை” என்றார் என் கணவர், யோசிக்காமல்.

விதானையார் போனபிறகு எங்களுக்குள் பெரிய சண்டை. துரையிடம் சொல்லிக் கேட்கலாமே என்றேன். சண்டைக் காலத்தில் அப்படிக் கேட்க ஏலாது என்றார். ஹயருக்கு ஒரு கார் பிடிக்கலாம் என்றார். டவுனில் உள்ள சலூன் எல்லாம் போகிறது, ஹூட் கார்காரர் எல்லாரும் பட்டாளத்துக்கே வாடகைக்கு ஓடுகிறார்கள், எனக்கு வலி எடுக்கிற நேரத்தில் எவன் நிலாவெளிக்கு வருவான் என்று கேட்டேன். கூரையை அறுப்போம் என்றேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

“அரசாங்கத்து உத்தியோகத்தில இருக்கிறன் சீதேவி. தெரிஞ்சு செய்தது எண்டா என்ர வேலை போகும்.”

“வேலை போனா வேற வேலை தேடலாம். நான் இன்னொரு பிள்ளையை வண்டிக்குள்ள சாகக் குடுக்கமாட்டன்.”

“அது டீலக்ஸ்” என்றார். சொன்னபிறகு தனக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் காலை அவர் சைக்கிளில் ஏறித் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பெட்டியில் இருந்த இரும்பு வாளை எடுத்தேன். முதலில் மீன் கத்தியால் கூரையின் உள்சீலையைக் கிழித்து இறக்கினேன். பின்பக்கத்துத் தூணில் வாளை வைத்து இழுத்தேன். அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலைகள் முளைத்தன. “ஐயோ, இவளுக்கென்ன பிடிச்சது?” என்றார்கள். ஒருத்தரும் வந்து வாளைப் பிடிக்கவில்லை, ஒருத்தரும் வந்து தடுக்கவும் இல்லை. கொஞ்சம் அறுப்பேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சில்லுக்கு மேலே இருக்கிற மட்காட்டில் உட்காருவேன், திரும்ப எழும்புவேன். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு அறுத்தேன். அழுகை வந்தது, அழுதுகொண்டும் அறுத்தேன்.

அவர் திரும்பி வந்தபோது பின்தூண் இரண்டும் போய் முன்தூண் ஒன்றில் வாள் நின்றது. சைக்கிளைக் கைவிட்டார், அது தன்பாட்டில் விழுந்தது. ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்ல நான் வாய் நிறைய வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையில் சுற்றியிருந்த சீலையைப் பார்த்தார். கிட்ட வந்து வாளை வாங்கினார்.

“தள்ளு. கோணலா அறுத்தாக் கதவு பூட்டாது.”

மிச்சத்தை அவரே அறுத்தார். சொன்னது சரி, கூரை போனதும் கதவு இரண்டும் தளர்ந்து ஆடின. கயிற்றால் கட்டினோம். பின் சீற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய தோணிப் பலகைகளை முன் சீற்றின் முதுகிலிருந்து பின்பக்கம்வரை நீளத்துக்கு அடித்தார். ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். கடைசியில் வான்தான் வந்து சேர்ந்தது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லாமல் இருந்தேன் என்பது இன்றுவரை எனக்கே ஆச்சரியம். கழற்றிய கூரையை அவர் சாக்கில் சுற்றி, கிணற்றடி மதிலில் சாய்த்து வைத்தார். சண்டை முடிந்ததும் திரும்ப ஒட்டிவிடலாமாம்.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். கூட விதானையார். விதானையார் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். அறுத்த இரும்பு இன்னும் துருப்பிடிக்காமல் பளிச்சென்று இருந்தது. துரை ஏதோ கேட்டார். விதானையார் நிமிர்ந்து நின்று, தன் இங்கிலீசையெல்லாம் திரட்டி, “சலூன் நோ சேர். சலூன், ஹெட் ஷேவ்” என்று தன் தலையைத் தடவிக் காட்டினார்.

துரை சிரிக்கவில்லை. என் கணவர் பக்கம் திரும்பி ஒரு சொல் கேட்டார். யார் செய்தது என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவர் வாய் திறக்குமுன் நான் முன்னுக்குப் போனேன். “நான்தான் அறுத்தனான்” என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன். பிறகு வயிற்றைக் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் என் கணவர் பேசினார். இங்கிலீசில் நிறையப் பேசினார். எனக்கு விளங்கவில்லை, ஆனால் நடுவில் இரண்டு விரலைக் காட்டினார், கையால் ஒரு சின்ன நீளம் காட்டினார். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை, என்னிடமும்கூட. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். போகும்போது ஒரே வார்த்தை சொன்னார்.

“என்னவாம்?” என்றேன்.

“மழையில நனையப்போறீங்கள் எண்டார்.”

கார் எங்களுக்கே என்று விளங்கியது, பலகைக்கு மேல் போட ஒரு சாக்குத் தேடப் போனேன்.

குச்சவெளியிலிருந்து கதிரையோடு திரும்பி வந்த வீரக்குட்டி அண்ணன் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். காரைப் பார்த்துவிட்டு, “மொட்டை அடிக்கிறது என்ர தொழில். இதுக்கு உங்களுக்கு ஆர் உத்தரவு தந்தது?” என்று கேட்டார். வெருகல் முருகனுக்கு நேர்த்தி, பிள்ளை பிறந்தால் அதற்கும் மொட்டை, இது அச்சாரம் என்றேன். அவர் அந்தக் கதையைத் தலைக்குத் தலை சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் குச்சவெளியிலிருந்து டவுன்வரை மொட்டைக் கார் என்றால் தெரியாதவர் இல்லை. என் கணவருக்கு அது பெரிய மானக்கேடு. பாண்காரன் என்ற பெயரே பரவாயில்லை என்றிருப்பார். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வாசலில் கார் நின்றது.

சித்திரை பிறக்க முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு விழுந்தது என்று செய்தி வந்தது. அந்த வியாழக்கிழமை காலை என் கணவர் வேலைக்குப் போகச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வலி எடுத்தது. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

“சைக்கிளைப் போடுங்கோ. காரை எடுங்கோ.”

ஹாண்டிலைச் சுற்றினார். எட்டுக் குதிரையும் ஒரேயடியில் எழும்பிவிட்டன. பலகைக்கு மேல் மெத்தை போட்டு என்னைக் கிடத்தினார். மல்லாந்து படுத்திருந்த எனக்கு வானமும் தென்னை மட்டைகளும்தான் தெரிந்தன. சாம்பல்தீவைத் தாண்டவில்லை, இரைச்சல் கேட்டது. அவருக்கு முன்னமே நான்தான் கண்டேன். பிளேன்கள் நிரை நிரையாகக் கடல் பக்கமிருந்து வந்தன.

“எங்கட பிளேனோ?” என்றேன்.

“எங்களிட்ட இவ்வளவு இல்லை” என்றார்.

பிறகு நிலம் குலுங்கியது. துறைமுகப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. அவர் காரை நிறுத்தினார். காலை வெயிலில் அந்தப் பம்பரும் விளக்குகளும் கண்ணைக் குத்தின. அவர் குதித்து இறங்கி, தெருவோரத்துச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளிப் பம்பரில் அப்பினார், விளக்கில் அப்பினார், மட்காட்டில் அப்பினார். அவர் அழுதபடி செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வெறி பிடித்தவர்போல் செய்தார். விழுந்து கிடந்த தென்னோலைகளை இழுத்து எனக்கு மேலே போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார்.

“திரும்புவமோ?” என்று ஒருக்காக் கேட்டார்.

“நேர போங்கோ” என்றேன்.

உப்புவெளிக்குக் கிட்டப் போகையில் சனம் எதிரே வந்தது. டவுனே கிளம்பி வந்ததுபோல் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. பெட்டி, பாய், ஆடு, குழந்தை. கார் அங்குலம் அங்குலமாகப் போய், பிறகு நின்றேவிட்டது. திறந்த காரில் இடம் இருக்கிறதென்று நினைத்து ஒருவன் ஏறக் காலை வைத்தான். “பிள்ளைப்பேறு!” என்று என் கணவர் ஒரு கத்துக் கத்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. அப்போது சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“இது அந்த மொட்டைக் காரெல்லோ? நிலாவெளிப் புள்ளையெல்லோ? வழி விடுங்க, வழி விடுங்க!”

அது றஹ்மா மருத்துவிச்சி. டவுனில் ஒரு பேறு பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள், கறுப்புப் பையோடு சனத்துக்குள் அகப்பட்டிருந்தாள். அதற்கு முன் அவள் என்னைக் கண்டதில்லை. மொட்டைக் காரின் கதையை மட்டும் கேட்டிருக்கிறாள். வேறெந்தக் காராக இருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள். மட்காட்டில் கால் வைத்து ஏறி, ஓலையைத் தள்ளி, சேலையை விலக்கிப் பார்த்தாள்.

“இப்ப அங்கால போக ஏலா தம்பி. தெருவை மறிச்சிட்டாங்க. அந்தப் புளியமரத்துக்குக் கீழ விடுங்க. இஞ்சையே பாப்பம்.”

ஓடிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் நின்றார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ தெரியாது, தலைக்கு மேல் பிளேன் பறக்க, சேலைகளைப் பிடித்து எங்கள் காரைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். என் கணவர் முன் சீற்றில் முழங்காலில் நின்று என் தோளைப் பிடித்தார். றஹ்மா பலகையில் ஒரு முழங்காலும் வெளியே மட்காட்டில் ஒரு காலுமாக நின்றாள்.

“முக்காத புள்ள. கொஞ்சம் பொறு” என்றாள்.

அந்தப் ‘பொறு’வை மாட்டுவண்டியிலும் கேட்டவள் நான். “கொடியோ?” என்றேன்.

“ஓம். ரெண்டு சுத்து. நான் இருக்கிறன், நீ அசையாத.”

நான் அசையவில்லை. குண்டுச் சத்தத்துக்கும் அசையவில்லை. அவள் இந்தப் பக்கம் வந்தாள், அந்தப் பக்கம் போனாள், கையை நுழைத்தாள், வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளை வந்தது. நீலமாக இருந்தது, சத்தம் இல்லை. எனக்கு அந்தச் சத்தமின்மை தெரியும், இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். றஹ்மா காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள், வாயைத் துடைத்தாள், மறுபடி தட்டினாள். பிள்ளை வீரிட்டது. சேலை பிடித்த பெண்கள் எல்லாரும் ஒரேயடியாகக் குரவையிட்டார்கள், பிளேன்காரனுக்கும் கேட்டிருக்கும்.

“பொம்பிளைப் புள்ள” என்றாள் றஹ்மா. பின்பு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே இருந்த வெறும் வானத்தைப் பார்த்தாள். “இந்தக் காருக்குக் கூரை இருந்திருந்தா நான் எங்க நிண்டு புள்ளை எடுக்கிறது? நல்ல வேலை செய்தாய் புள்ள.”

என் கணவர் சேறு பிடித்த கையால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று எங்கள் பகுதியிலிருந்து டொக்யார்டுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. பாதிக் காற்றடித்த சைக்கிள் எங்கள் முற்றத்தில் விழுந்தபடி கிடந்தது. அதை அவர் பிறகு நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தார்.

பிறந்து முப்பத்தோராம் நாள், தீட்டுக் கழிவு அன்று காலை நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவர் சாக்கை அவிழ்த்து, கார்க்கூரையைக் குப்புறத் திருப்பிக் கல்லின்மேல் வைத்திருந்தார். அறுத்த விளிம்பைச் சுற்றிவர அடித்து உள்ளே மடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறியள்?”

“விளிம்பு வெட்டும். பிள்ளையின்ர கையில படும்.”

“மடிச்சாப் பிறகு ஒட்ட ஏலாதே.”

“ஓம். ஏலாது” என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

பிறகு வெயிலில் சூடேற வைத்திருந்த தண்ணீரை அதற்குள் ஊற்றினார். ஓட்டை இல்லாத கூரை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, ஒரு கையால் கழுத்தைத் தாங்கி மெதுவாக இறக்கினார். அது காலை உதைத்து அவர் சட்டையெல்லாம் நனைத்தது. தேய்த்த சட்டை. அவர் துடைக்கவில்லை.

“சீதேவி, இஞ்ச வந்து பார்” என்றார். “டீலக்ஸ் எண்டா இதுதான்.”